பானெட்டில் மட்டும் கீறல்

இந்தாங்க, முகம் கழுவிக்கொண்டு கிட்ட வந்து உட்காருங்கள், ஒரு கதை இருக்கிறது.

படூரில் ஒரு டிரைவர். வெகுகாலம் வெள்ளைக் கார் ஓட்டியவர், இந்த வருஷம் கறுப்புக் கார் வாங்கினார். கறுப்புக்கென்றே விற்கிற வாக்ஸை மனைவி தேடி வாங்கிவந்தாள். அவரும் பூசினார். நேற்றுப் பார்த்தால் பானெட்டில் சிலந்தி வலை மாதிரி கீறல்.

"இன்னா வாக்ஸ் வாங்கியாந்த நீ? வண்டி மூஞ்சியே பூடுச்சு! நாளைக்கு அந்த வெள்ளை வண்டி வாக்ஸ் டப்பாவத்தான் போடப்போறேன்" என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார்.

அவளுக்கும் படுக்கை கொள்ளவில்லை. விடிந்ததும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அதே வாக்ஸ் பூசிய கதவில் ஒரு கீறல் இல்லை! பானெட்டில்தானே வெள்ளிதோறும் விபூதிப் பட்டை போட்டு, மறுநாள் தூசியோடு சேர்த்துக் காய்ந்த துணியால் தேய்க்கிறார்? வெள்ளையில் தெரியாதது கறுப்பில் தெரிந்துவிட்டது.

ஆகவே, டிரைவர் ஐயா, பட்டையை இனி முன்கண்ணாடி ஓரத்தில் போடுங்கள், சாமி கோபிக்காது. பானெட்டைக் கழுவி, நிழலில் நிறுத்தி, கறுப்பு வாக்ஸையே மெல்லிசாகப் பூசுங்கள். கீறல் கண்ணை உறுத்தாது. சாயங்காலம் உங்கள் தங்கை மகள் சிநேகா மணப்பெண்ணாக அதில்தான் மாமல்லபுரம் வரவேண்டும். நான் முன்னாடியே மண்டபத்துக்குப் போகிறேன்.

வத்தக்குழம்பு அடுப்பில் இருக்கிறது. அப்பளம் டப்பாவில்.

வெள்ளை வண்டி வாக்ஸைத் தேடாதீர்கள். அதில் அழுக்கைச் சுரண்டுகிற தூள் உண்டு, கறுப்பை இன்னும் கெடுக்கும். என் பையில் எடுத்துப்போகிறேன்.

இந்த வீட்டு வண்டி பளபளக்கட்டும். அதை ஓட்டுகிறவர் வயிறு ஒருநாளும் பட்டினி கிடக்காதிருக்கட்டும்.