அண்ணாச்சி பக்கத்துக் காற்று

செவ்வாய் வானிலை நிலையம். ஆயுத பூஜைக்கு மறுநாள்.
பதிவு: தங்கபுஷ்பம். இதைக் கண்டெடுப்பவருக்கு.

09:10
முதல் அறை 1010 மில்லிபார். இரண்டாம் அறை 1010. நேற்று இங்குள்ள கருவிகள் அத்தனைக்கும் பூஜை. அறைக்கு ஒன்றாக இருக்கும் காற்றழுத்தமானிகளை நானே கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்ப மாட்டினேன். முகமில்லாத பெட்டிகள்; எண்கள் என் திரையில்தான் தெரியும். எச்சரிக்கை மணிக்கும் கதவுத் தாழுக்கும் பூமிக்கும் இவை சொல்வதே வேதம். கூட இருப்பவர் சவரிமுத்து அண்ணாச்சி. சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் பொரிகடலையில் பாதிக்கு மேல் அவருக்குத்தான். ஒரு பாக்கெட்டோடு இரண்டாம் அறைக்குத் தூங்கப் போனார்.

10:05
மணி அடித்தது. இரண்டாம் அறை 960, இறங்குகிறது. நடுக்கதவின் தாழ் தானாக விழுந்துவிட்டது. காற்று குறையும் பக்கத்துக் கைப்பிடி பூட்டிக்கொள்ளும். இனி என் பக்கத்துக் கைப்பிடி மட்டும் திரும்பும். அறைகளுக்கு இடையே பேசும் கருவி போன மாதமே பழுது.

10:20
890. அண்ணாச்சி தட்டுகிறார். கதவு என் பக்கமாக இழுத்துத் திறப்பது. கணக்குப் போட்டேன்: என் அறைக் காற்று அதை இரண்டு டன் எடையில் அமுக்கிக்கொண்டிருக்கும். யானை கட்டி இழுத்தாலும் வராது. கைப்பிடியைத் தொட்டேன். திருப்பவில்லை.

10:50
பூமியிலிருந்து வள்ளிநாயகம்: "தங்கம், கதவத் தொடாதீங்க. ரெண்டாவது ரூம்லதான் லீக்கு. ஒங்க ரூம் நல்லா இருக்கு. அவர... இனி ஒண்ணும் செய்ய முடியாது."
பதினான்கு நிமிடத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது சுலபம்.

11:40
700. மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு. நானும் மூன்று தட்டினேன். பிறகு அவர் விடவே இல்லை. அழுததில் காது அடைக்கிறது. கதவோரத்து ரப்பர் என் பக்கம் பிதுங்கி நிற்கிறது. தோளால் முட்டுகிறார் போலிருக்கிறது.

12:30
600. சுவரைக் கவ்வியிருந்த ரப்பர்க் கொக்கி தானாகக் கழன்று விழுந்தது. அதில் மாட்டியிருந்தது அண்ணாச்சியின் துண்டு. பயந்துவிட்டேன், சொல்ல என்ன வெட்கம். டீ போட்டேன். தண்ணீர் சட்டென்று கொதித்தது, ஆனால் வாயில் வைத்தால் சூடு பற்றவில்லை. சாயமும் இறங்கவில்லை.

13:20
500. இந்நேரம் அவர் தளர்ந்திருக்க வேண்டும். முன்னைவிடப் பலமாகத் தட்டுகிறார். அந்தப் பக்கம் இருப்பது அண்ணாச்சிதானா என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டேன். தலை வலிக்கிறது. நகமெல்லாம் நீலம்.

13:55
430. மேசையில் பிரிக்காமல் மிச்சமிருந்த பொரி பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருக்கிறது. யாரும் ஊதவில்லை. சிரித்தேன். என் அறை 1010 என்கிறது திரை. அப்புறம் ஏன்

14:08
பாக்கெட் உப்பினால் வெளியே காற்று குறைவு. பள்ளிக்கூடப் பாடம். கொக்கி. டீ. காது. ரப்பர்.
என் சுவரிலிருந்த மானியைத் திருப்பிப் பார்த்தேன். குங்குமத்துக்குப் பின்னால் எண் 2. நேற்று இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன். நான்தான்.
ஓட்டை என் அறையில். அண்ணாச்சிக்குக் காது அடைக்கவில்லை, அவர் பாக்கெட் உப்பவில்லை. எப்போதோ புரிந்திருக்கும். என்னைக் காப்பாற்றத்தான் இவ்வளவு நேரமும் தட்டினார்.
கைப்பிடியைத் திருப்பினால் அவர் பக்கத்துக் காற்றே கதவைத் தள்ளித் திறக்கும். காலையிலேயே திறந்திருக்கும்.

14:16
எழுந்தேன். விழுந்தேன். கைப்பிடி மூன்றடி மேலே. கை சொன்னபடி கேட்கவில்லை.

14:2
தட்டுவது மெதுவாகிவிட்டது நான் செத்தேன் என்று நினைக்கக் கூடாது
மூன்று தட்டினேன்
அவரும் மூன்று
அண்ணாச்சி இதோ

14:41 (தானியங்கிப் பதிவு)
வள்ளிநாயகம்: "தங்கம், ஒங்க ரூம் ஆயிரத்துப் பத்து, அப்படியே நிக்குது. ஒடைஞ்சு போயிராதீங்க. அண்ணாச்சி தட்டுறது நின்னுருச்சா? சொல்லுங்க."