அறுபது மீட்டர் நேர்பாதை

அன்புள்ள குட்டிம்மா,

இங்கே அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று யாராவது சொன்னால் நம்பத் தயாராக இருக்கிறேன். அத்தை இன்னும் ஊருக்குப் போகவில்லை, நாற்பத்திரண்டெல்லாம் சாகிற வயசாடா என்று அம்மாவைப் பற்றி ஆரம்பிக்கிறாள், நான் எழுந்து துணி மடிக்கப் போய்விடுகிறேன். ரோட்டை வளைக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு ஒரு சட்டை மடிக்கத் தெரியலையே என்று அம்மா சொல்வாளே, இப்போதும் தெரியவில்லை. உன் ஹாஸ்டல் வார்டன் போன் செய்தார், பத்து நாளாக வகுப்புக்குப் போகவில்லையாம், நான் போன் பண்ணதாலதான் அம்மா செத்துப்போனாங்க என்று அழுகிறாயாம். அதற்காகத்தான் எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

திங்கட்கிழமை ஆபீஸில் அம்மாவின் கார் உருண்ட வளைவின் ஃபைலைத் தேடி எடுத்தேன். பல் டாக்டருக்குப் படிக்கிற உனக்கு இது புரியச் சொல்கிறேன். சாதா வளைவு என்பது ஒரே வட்டத்தின் ஒரு துண்டு. கூட்டு வளைவில் பெரிய வட்டமும் சின்ன வட்டமும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பும். எதிர்வளைவு என்றால் வலது பக்கம் திரும்பிய கையோடு இடது பக்கம் திரும்புவது. வண்டி வெளியே தள்ளப்படாமல் இருக்க எந்த வளைவிலும் ரோட்டின் வெளி ஓரத்தைத் தூக்கி வைப்போம். எதிர்வளைவில் அந்தச் சாய்வு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரள வேண்டும், அதற்கு நடுவில் கொஞ்சம் நேர்பாதை வேண்டும். அம்மாவின் கார் உருண்டது எதிர்வளைவில், அங்கே அறுபது மீட்டர் விட்டிருக்க வேண்டும். வரைபடத்தில் பன்னிரண்டு இருந்தது. மூலையில் வரைந்தவர் கையெழுத்தைப் பார்த்தேன், என்னுடையது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாராவது என்னை மாதிரியே போட்டிருப்பார்களோ என்று.

பதினாலு வருஷம் முன்பு வரைந்தது, உனக்கு அப்போது ஐந்து வயசு. குறுக்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது, இடிக்க ஆறு மாசம் ஆகும் என்றார்கள், டிராயிங் அன்றைக்கே போயாக வேண்டும். பன்னிரண்டாக வரைந்துவிட்டு, தொட்டி போனதும் அறுபதாக்கவும் என்று பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். மெல்லிய பென்சில் பிரிண்டில் விழாது, டிராயிங் போர்டைத் தொட்ட எவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மையில் எழுதவில்லை. சைட்டுக்குப் போன பிரிண்டில் அந்த வரி இல்லை, தொட்டியை இடித்தார்கள், ரோட்டைப் படத்தில் உள்ளபடியே போட்டார்கள். நான் அதற்குள் வேறு பிரிவுக்குப் போய்விட்டேன்.

அம்மாவுக்கு முன்னால் அதே இடத்தில் நாலு வண்டி உருண்டிருக்கிறது. அவர்களை யாரும் போனில் கூப்பிடவில்லை, குட்டி. எதிரே வந்த லாரி டிரைவரைத் தேடிப்போய்க் கேட்டேன். அந்தம்மா ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் சார் இருந்துச்சு, மெதுவாத்தான் வந்தாங்க, ரோடுதான் அவங்களைத் தள்ளிவிட்டுச்சு என்றார். போன் பைக்குள் ஜிப் போட்டபடியே கிடைத்தது. நீ கூப்பிட்டதை அவள் எடுக்கவே இல்லை.

பெரிய இன்ஜினியரிடம் சொன்னபோது, போனது உன் பொண்டாட்டி, வாயை மூடிட்டு இருப்பா, எழுதிக் கொடுத்தா நாளைக்கு மத்த நாலு வீட்டுக்காரங்களும் உன் வாசல்ல நிப்பாங்க என்றார். நிற்கட்டும் என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலமே டிரம் வைத்து ரோட்டை மறித்துவிட்டார்கள். அடுத்த வாரம் விசாரணை, வேலை இருக்குமா தெரியாது. உன்னிடம் யாராவது கேட்டால் எங்க அப்பா வரைஞ்சதுதான் என்று சொல், எனக்காக மாற்றிச் சொல்லாதே.

நீ நல்லா இருக்கணும், தீர்க்காயுசாக இருக்கணும். நாளைக்கு வகுப்புக்குப் போ, வெறும் வயிற்றோடு போகாதே. கோபம் வந்தால் என்மேல் வரட்டும், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இரு, தாங்கிக்கொள்கிறேன். உன்மேல் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா