எலி கடித்த திரைச்சீலை

பிப்ரவரி 9
காலை பத்தரை மணிக்கு வானம் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஓய்வு பெற்ற மறுநாளே நான் ஓடுதளத்தின் கடைசிக் கொட்டகையைத் திறந்து, என் இரண்டு இருக்கை விமானத்தின் முன் போய் நின்றேன் அல்லவா, அதற்காக. பதினோரு வருடமாகப் பறக்காத விமானம். மூன்று டயரும் சப்பை. வாலில் குருவிக்கூடு. இறக்கையில் படிந்த தூசியில் இரண்டு போகம் விளைவிக்கலாம்.

பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் அம்மாள் சுற்றி வந்து பார்த்தார். "என்ன சார் வியாதி?"

"என்ஜின் செத்துப் போச்சும்மா. என் மச்சான் பார்த்துச் சொன்னான். பட்டறை வச்சிருக்கான், பொய் சொல்லத் தெரியாத பிறவி."

மச்சான், என் மனைவியின் தம்பி. வருடம் தவறாமல் வந்து கொட்டகையைக் கூட்டி, விமானத்தின் மூக்கு விசிறியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "போச்சு மாமா" என்று பெருமூச்சு விட்டுப் போகிறவன். இப்படி ஒரு மச்சான் எந்த மன்னனுக்கு வாய்த்தான்?

பிப்ரவரி 12
எலிப்பொறி இன்றும் காலி. சமையலறைத் திரைச்சீலையின் ஒரு மூலையையே கடித்துக்கொண்டு போன அந்த மகா எலியோடு எனக்குப் பதினோராவது வருடப் போர். இதுவரை வாலைக்கூடப் பார்த்ததில்லை. மனைவியிடம் சொன்னேன். "புத்திசாலி எலி" என்றாள், திரும்பாமலே.

பிப்ரவரி 20
டயர் வந்துவிட்டது. இறக்கையின் பழைய பெயின்டைச் சுரண்டிச் சுரண்டி என் தோளும் கழன்றுவிட்டது.

ஓய்வு நேரத்தில் மெக்கானிக்கிடம் கழுகுக் கதையைச் சொன்னேன். ஒன்பது வயது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடைசியாகப் பறந்தபோது ராட்சசக் கழுகு ஒன்று மோதி, என்ஜின் நின்று, நான் காற்றையே கயிறாகப் பிடித்து ஓடுதளத்தை ஒட்டிய புல்வெளியில் இறக்கிய கதை. இந்த முறை கழுகின் இறக்கை பதினெட்டு அடி. போன வருடம் பன்னிரண்டுதான், வளர்கிற வயசு.

"எங்கேயும் அடிபட்ட தடமே இல்லையே சார்?" என்றார். டீ குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 2
இன்று மெக்கானிக் என்ஜினைப் பிரித்தார். உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். எண்ணெய். புது எண்ணெய்.

"துருவே இல்லை சார். செத்துப்போன என்ஜினுக்கு யார் வருஷா வருஷம் எண்ணெய் விட்டாங்க?"

எனக்கும் அதே கேள்விதான். யார்?

மார்ச் 3
காற்று போகும் குழாய்க்குள்ளிருந்து இடுக்கியால் ஒரு துணிப் பந்தை இழுத்தார்.

"என்ஜினுக்கு ஒண்ணுமே இல்லை. மூச்சைத்தான் அடைச்சிருக்காங்க."

விரித்தேன். நீலப் பூ. என் வீட்டுச் சமையலறைத் திரை. கத்தரியால் வெட்டிய நேர்விளிம்பு. கத்தரி வைத்திருக்கும் எலி!

பதினோரு வருடம். எத்தனை பொறி வாங்கினேன். எத்தனை நாள் முழங்காலில் ஊர்ந்து அடுப்படியில் டார்ச் அடித்தேன். அவள் சமைத்துக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

மார்ச் 4
பட்டறைக்குப் போய்த் துணியை மச்சானின் மேசையில் வைத்தேன். அவன் முகம் சுண்டிவிட்டது.

"அக்காதான் அடைக்கச் சொல்லுச்சு மாமா."

"எண்ணெய் விட்டது?"

"அதுவும் அக்காதான். ஓடவும் கூடாது, கெடவும் கூடாதுன்னுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாடா உனக்கு?"

"வருஷா வருஷம் தோணும். பெருமூச்சு விட்டுட்டு வந்துடுவேன்."

அந்தப் பெருமூச்சை நான் நம்பினேனே! அவனுக்கு ஆறுதல் சொல்லி டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வருடா வருடம்.

மார்ச் 5
அவளிடம் கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். என் காலைக் கட்டிப்போட உனக்கு யார் உரிமை கொடுத்தது, என் வாழ்க்கையில பதினோரு வருஷத்தை எலி தின்னுடுச்சே, அது இதென்று.

அடுப்பை அணைத்தாள். உள்ளே போய் ஒரு குச்சியோடு வந்தாள். பெட்ரோல் தொட்டியில் விட்டு அளவு பார்க்கிற குச்சி. தொலைந்துபோனதாக நான் நினைத்தது.

"அன்னிக்கு நீங்க இறங்கினதும் எல்லாரும் புள்ளையைத் தூக்க ஓடினாங்க. நான் இதைத் தொட்டியில விட்டுப் பார்த்தேன். காஞ்சு கிடந்துச்சு."

குச்சியை வாங்கி அதன் அளவுக் கோடுகளைப் பார்த்தேன்.

"எலின்னு நான் ஒரு பொய்தான் சொன்னேன். நீங்க கழுகுன்னு ஆரம்பிச்சு எத்தனை சொன்னீங்க? இன்னிக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு பார்த்தேன். சொல்லியிருந்தா அன்னிக்கே துணியை எடுத்திருப்பேன்."

மார்ச் 6
எனக்குத் துரோகம் செய்தார்கள். செய்தார்கள்தான். அதை மாற்றி எழுத மாட்டேன்.

ஆனால் அன்று கிளம்பும் முன் மகள் கேட்டாள், "குச்சி விட்டுப் பார்க்கலையாப்பா?" என்று. "உங்கப்பாவுக்குக் கண்ணே குச்சி" என்றேன். சிரித்தாள். என்னை நம்பித்தான் ஏறி உட்கார்ந்தாள்.

மார்ச் 19
விமானத்தின் பதிவேட்டை எடுத்தேன். கடைசி வரியில் என் கையெழுத்தில், "கழுகு மோதியதால் என்ஜின் நின்றது." கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: "பெட்ரோல் தீர்ந்தது. புறப்படும் முன் பார்க்கவில்லை." பதினெட்டு அடிக் கழுகை ஒரே கோட்டில் கொன்றுவிட்டேன்.

மகளுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். "அம்மாகிட்ட காட்டினீங்களா?" என்றாள்.

சமையலறை மேடையில் திறந்து வைத்துவிட்டு வந்தேன். மாலையில் பார்த்தால் எலிப்பொறிகள் எல்லாம் வாசலில், பழைய இரும்புக்காரருக்காக வரிசையாக இருந்தன.

ஏப்ரல் 27
நான் மறுபடி பறக்கலாம் என்று மருத்துவர், தேர்வாளர், மெக்கானிக் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. மச்சானும் வந்திருந்தான். அவனோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. முன்கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி அந்த நீலப்பூத் துணியைத்தான் கொடுத்தேன். மூலை விடாமல் துடைத்தான்.

தொட்டியில் குச்சியை விட்டேன். முக்கால் வரை நனைந்தது. மனைவி கையை நீட்டினாள். கொடுத்தேன். துடைத்துவிட்டு அவளே மறுபடி விட்டுப் பார்த்தாள். வெயிலில் பிடித்து, ஈரம் ஏறியிருந்த கோட்டை விரலால் தொட்டாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.