அண்ணன் பெயர் இருந்த டவர்

12-8-1998, புதன்

டைப்பிங் சென்டருக்குக் கம்ப்யூட்டர் வாங்க ஓசூர் போனேன். திரையும் பெட்டியும் ஒன்றாக இருக்கும் புதியதை வாங்குவதாகத்தான் இருந்தேன். கடைக்காரர் ஒரு பழைய டவரை, திரை இல்லாத தனி சிபியு பெட்டியை, ஒரு திரையோடு இணைத்துப் போட்டுக் காட்டினார்.

"மூடுன ஃபேக்டரியில எடுத்தது, அக்கா. பின்னாடி மெமரி, டிஸ்க்குன்னு என்ன வேணாலும் சேத்துக்கலாம்."

அதில் இருந்த பழைய ஃபைல்களுக்குள் என் அண்ணன் பெயரில் ஒரு விடுப்புக் கடிதம் இருந்தது. அவன் வேலை பார்த்த ஃபேக்டரிதான் அது; அங்கே மெஷினில் சிக்கித்தான் அவன் செத்தான். கடிதத்தைக் கடைசியாகத் திருத்திய தேதி, அவனை எரித்து மூன்று மாதத்துக்குப் பிந்தியது.

"கடிகாரம் தப்பா ஓடியிருக்கும்" என்றார் கடைக்காரர். இருக்கலாம். ஆனாலும் அதை இன்னொருவர் கையில் விட்டுவர மனம் வரவில்லை. டவரையே வாங்கி வந்துவிட்டேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு அவளாகவே வந்து டவர் மேல் கை வைத்தாள்.

"சூடா இருக்குதே பாப்பா."

நான் இன்னும் பிளக்கே மாட்டவில்லை.