கடப்புக்கு வெளியே நின்ற வண்டி

அண்ணை,

பக்கத்துக் காணிக்காரர் இன்று வேலிக் கட்டைகளுக்குத் தார் பூசுகிறார். காலையிலிருந்து அந்த மணம் வீட்டுக்குள் நிற்கிறது. பத்திரிகையை மூன்று தரம் கையில் எடுத்தேன். மூன்று தரமும் வைத்துவிட்டேன். நீங்கள் போய் ஏழு வருடமாகிறது என்று தெரிந்தும் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே உருத்திரபுரத்தில் எங்கள் கரப்பந்துத் திடலுக்கு வேலி போட்ட நாளிலும் இதே மணம்தான். மாடு வராமலிருக்க வாசலில் கடப்பு வைத்தோம். இரண்டு கட்டைகளுக்குக் குறுக்கே தொடையளவு உயரத்தில் ஒரு தடி. மனிதன் காலைத் தூக்கி வைத்துக் கடப்பான், மாடு நின்றுவிடும். திறக்கவும் வேண்டாம், சாத்தவும் வேண்டாம். பள்ளிக்கூட மாஸ்டரும் திடலின் செயலாளருமான எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காடு வெட்டிய காலத்தில் மரம் சரிந்து உங்கள் கால்கள் இரண்டும் செயலற்றுப் போயிருந்தன. பழைய சைக்கிள்களைப் பிரித்து, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டி ஒன்றை நீங்களே செய்து வைத்திருந்தீர்கள். கரப்பந்துச் சட்டம் முழுவதும் தெரிந்தவர் ஊரில் நீங்கள் ஒருவர்தான். ஆகவே மத்தியஸ்தரும் நீங்கள்தான். பின்னேரங்களில் வண்டி கடப்புக்கு வெளியே நிற்கும். இருவர் உங்களைத் தூக்கிப்போய் வலையடிக் கதிரையில் இருத்துவோம்.

"நெல்லு மூட்டையை விட அண்ணை பாரமில்லை" என்று பகிடி விடுவார்கள்.

"மூட்டை பிழை பிடிக்காதடா. நான் பிடிப்பன்" என்பீர்கள்.

ஒருநாள் ஆட்ட நடுவில் மழை கொட்டியது. எல்லோரும் பள்ளிக்கூட விறாந்தைக்கு ஓடினோம். மற்றவன் தூக்கியிருப்பான் என்று ஒவ்வொருவனும் நினைத்தான்; நானும் நினைத்தேன். மழை சற்று வெளுத்த பிறகுதான் கதிரை கண்ணில் பட்டது. ஓடி வந்தேன். நீங்கள் ஏசவில்லை. விசிலுக்குள் புகுந்த தண்ணீரை உதறிக்கொண்டிருந்தீர்கள்.

"மழை பரவாயில்லை மாஸ்டர். வண்டி அங்கை நிக்குது, நான் இஞ்சை இருக்கிறன். அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

மறுநாள் நீங்கள் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் வரவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து, "இனி ரெண்டு பேரைப் பொறுப்பா விடுறன். மழை எண்டால் முதல் உங்களைத்தான் தூக்குவினம்" என்றேன்.

"என்னைத் தூக்கிறதைப் பற்றியே கதைக்கிறியள். அந்தத் தடியைப் பற்றிக் கதையுங்கோ."

தடியை எடுத்துவிட்டுத் திறந்து சாத்தும் படலை போடலாம் என்று கூட்டத்தில் கதைத்தேன். "படலை போட்டால் ஆர் சாத்திறது? ஒரு ஆளுக்காக ஊர் மாடெல்லாம் உள்ளை வரும்" என்றார்கள். அதை உங்களிடம் சொன்னபோது சிரித்தீர்கள்.

"நான் சாத்திறன் எண்டு சொல்லுங்கோ. மறக்கிறது நீங்கள் தானே."

அதை அடுத்த கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம். நெல்லு வெட்டு முடியட்டும், சூடடிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். இரண்டு போகம் போனது. மத்தியஸ்தர் இல்லாத ஆட்டங்கள் சண்டையில் முடிந்தன. கடைசியில் யாரையும் கேளாமல் தச்சரைக் கூட்டிவந்து தடியைக் கழற்றிவிட்டுப் படலை போட்டேன். கொளுக்கி உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில்.

அன்று நீங்கள் உள்ளே போனீர்கள். வெளியே வந்து படலையைச் சாத்தினீர்கள். மறுபடியும் திறந்து உள்ளே போனீர்கள். நாலு தரம்.

"என்ன அண்ணை, ஆட்டம் தொடங்கேல்லையோ?"

"பொறுங்கோ மாஸ்டர். எனக்கு இப்ப இதுதான் ஆட்டம்."

பிறகு குளக்கட்டைக் காட்டினீர்கள். "அடுத்தது உது. அந்தத் தண்ணியிலைதான் வயல் செய்யிறன். மரம் விழுந்த பிறகு குளத்தைக் கண்ணாலை காணேல்லை."

"மாரி முடியட்டும், பாப்பம்" என்றேன். மாரி முடியுமுன் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகு, ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். குளக்கட்டின் உயரம் பதினைந்து அடி. கையால் சுற்றும் வண்டி ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். உச்சிக்குப் போகச் சரிவு எவ்வளவு நீளம்? பிள்ளைகள் நூற்றெண்பது என்று எழுதினார்கள். நான் சரி போட்டேன். வருடா வருடம் சரி போட்டேன்.

கட்டு இன்னும் செங்குத்தாகத்தான் நிற்கிறது, அண்ணை. நேற்றும் அதன் அடியில் போய் நின்று, காலடியால் நூற்றெண்பது அளந்தேன். மண் எங்கே வெட்டலாம் என்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.