ராசு கட்டவிழ்ந்த பொங்கல்

மாவ்பிக்கு வடக்கே, ரங்கூன்

அன்பு மகன் சுந்தருக்கு அம்மா எழுதுவது. நீ பினாங்கில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க முனீஸ்வரனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் அப்பா ஃபோனில் பாதியை உளறிவிட்டார், நீயும் ஊருக்கு வந்து ஓடிப்போன அந்த இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று குதிக்கிறாயாம். மீதியையும் படித்துவிட்டுக் குதி. ஃபோனில் பேச முடியாத விஷயம், அதனால் பினாங்குக்குப் போய்வருகிற ரிஹானா அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

ரங்கூனில் அலோன் கிடங்கில் அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பண்ணை பண்ணையாக அலைகிறோமே, இந்தப் பால் பண்ணையில்தான் கொஞ்சம் கால் ஊன்றினோம். சுற்றிலும் காடு, கத்தினாலும் கேட்க ஆள் இல்லை, ஆனால் முதலாளி ஊ தெய்ன் நல்ல மனிதர். மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டி, உன் தங்கை லக்ஷ்மிப்ரியா கொம்புக்கெல்லாம் வர்ணம் அடித்தாள். பழைய கயிற்றை ஒவ்வொன்றாக மாற்றுங்கள் என்று உன் அப்பாவிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கிற ஆளா? பெரிய பண்ணையாராட்டம் எல்லாக் கயிற்றையும் ஒரே மூச்சில் அறுத்துப் போட்டுவிட்டு, புதுக் கயிற்றை எடுக்கத் திரும்பினார். அந்த நேரம் பார்த்து முகத்தில் துணி கட்டிக்கொண்டு மூன்று பேர் மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கினார்கள், கையில் வெட்டுக்கத்தி. மாட்டை ஓட்டிக்கொண்டு போக விடமாட்டேன் என்று அப்பா குறுக்கே போனார். ஒருவன் வீசினான். இடது கையில் இரண்டு விரல் மண்ணில் விழுந்தது. உன் தங்கை போட்ட சத்தத்தில் காளை ராசு மிரண்டது. கயிறு இருந்திருந்தால் கட்டுத்தறியில்தான் துள்ளியிருக்கும். வெட்டியவன் வயிற்றில் கொம்பை இறக்கித் தூக்கி எறிந்தது, மாலைகூடக் கழுத்தை விட்டு விழவில்லை. மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள்.

விழுந்தவனை எல்லோருமாகச் சேர்ந்து அடித்தார்கள். வேலையாட்கள் கம்பால் அடித்தார்கள், அப்பா ரத்தம் ஒழுகுகிற கையோடு மிதித்தார். நானும் அடித்தேன் சுந்தர். பால் கேனைத் தூக்கித் தலையில் போட்டேன். என் புருஷனை வெட்டியவன், இரக்கமே வரவில்லை, இன்னும் போடத்தான் தோன்றியது. இரண்டாவது அடியில் முகத்துணி அவிழ்ந்தது. கோ நைங். போன மழைக்கு நம்மோடு பால் கறந்தவன், உன் வயசு, என் கையால் சாப்பிட்ட பிள்ளை. பொங்கலன்று நாம் சாமி கும்பிடுவதில் மும்முரமாக இருப்போம் என்று அவனுக்குத்தானே தெரியும். என்னைப் பார்த்து, சோறு கேட்கும்போது அவர்கள் பாஷையில் அம்மா என்று கூப்பிடுவானே, அதே மாதிரி "அமே, அடிக்காதீங்க அமே" என்றான். நிறுத்துங்கடா என்று கத்தினேன், கம்புகள் உடனே நிற்கவில்லை. பால் வண்டியில் ஏற்றி மாவ்பிக்குக் கொண்டு போனோம். வழியிலேயே என் மடியில் போய்விட்டான். கொம்பா, கம்பா, என் பால் கேனா, எது கொன்றது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அவன் அம்மா லைங் தாயாவில் துணி ஃபாக்டரியில் தைக்கிறவள். கழுத்தில் ஃபாக்டரி அட்டையோடு அப்படியே வந்தாள். கொட்டகை மண்ணைத் தடவிப் பார்த்தாள். மகனை யார் அடித்தது என்று கேட்கவே இல்லை. அன்றைக்கு அவன் சாப்பிட்டிருந்தானா என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டான் என்று பொய் சொன்னேன்.

ஊ தெய்ன் ராசுவை விற்றுவிட்டார். கோ நைங்கின் ஆட்கள் பழிவாங்க வருவதற்குள் கிளம்பிவிடுங்கள் என்கிறார், மறுபடி மூட்டை கட்டுகிறோம். போகிற இடம் தெரிந்ததும் ரிஹானா அக்கா மூலம் சொல்கிறேன். அப்பாவின் கை ஆறுகிறது, வாய்தான் ஆறவில்லை. நீ வராதே. வந்து இறங்கினால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொள்வார்கள், தப்பினாலும் கத்தியைத் தூக்குவாய். அந்த இருவரும் யாரோ ஒருத்தி பெற்றதுதான்.

மகமாயி உன்னைக் காப்பாற்றட்டும், தீர்க்காயுசாக இரு. விடியற்காலையில் ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. வேளைக்குச் சாப்பிடு. கோ நைங்கின் அம்மா என்னிடம் கேட்டதை நான் யார் வீட்டு வாசலிலும் போய்க் கேட்கும்படி வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா சாந்தி