மேஜையில் விட்டுப்போன பேச்சு

செல்ல மகளுக்கு அம்மா எழுதுறது. நாங்க ரெண்டு பேரும் உடம்புக்கு நல்லா இருக்கோம், மனசு எப்படின்னு படிச்சா உனக்கே தெரியும். நீ, மாப்பிள்ளை, சின்னவ எல்லாரும் சுகம்தானே? அவளுக்கு இருமல் விட்டுச்சா? குளிர்ல காதை மூடாம வெளியே விடாதே, சொன்னா கேளு.

தேர்தலுக்கு இன்னும் மூணே நாள். இன்னிக்கு நாலு மணிக்குக் கடைசிக் கூட்டம். தெருவெல்லாம் உங்கப்பா போஸ்டர்தான், விமானி உடுப்புல, முறுக்கின மீசையோட, எதிரி சுட்டும் அஞ்சாத வீரர்னு. நம்ம மதில்லயே ஒட்டிட்டுப் போயிட்டானுங்க. அதைப் பார்த்ததுல இருந்து மனுஷன் சரியா சாப்பிடல. ஏன்னு உனக்குத் தெரியாது, இப்ப சொல்றேன், உட்கார்ந்து படி.

அப்பா கோர்ட்டுக்குக் கிளம்பும்போது தினம் நான் லிஸ்ட் படிக்கணும், அவர் ஒவ்வொண்ணா தொட்டு இருக்குன்னு சொல்லணும், கண்ணாடி, பேனா, கேஸ் கட்டுன்னு. நீ விழுந்து விழுந்து சிரிப்பியே. அது விமானத்துல பழகினது. பக்கத்துல உட்கார்ந்து வழி சொல்றவர் படிப்பாரு, ஓட்டறவர் தொட்டுப் பார்த்துச் சொல்லுவாரு. சண்டை நடந்தப்ப ஒரு நாள் அவசரத்துல உங்கப்பா, லிஸ்டெல்லாம் வேண்டாம், எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு கிளப்பிட்டாரு. ரெண்டாவது டாங்க்ல பெட்ரோலே ஊத்தல. பாதி வழியில எஞ்சின் நின்னு போச்சு. அப்பா பாராசூட்டோட குதிச்சுப் பிழைச்சாரு, கூட இருந்தவர் பிழைக்கல. எதிரி சுட்டதுன்னு மேலிடம் எழுதிக்கிச்சு, இவரும் வாயைத் திறக்கல. செத்தவர்தான் உன் டீச்சர் அத்தையோட புருஷன். வக்கீலானதும் முதல் கேஸ் அவ பென்ஷனுக்குத்தான் வாதாடினாரு. இன்னி வரைக்கும் அண்ணா அண்ணான்னு உசுரை விடுறா.

அவளை இன்னிக்கு மேடையேத்திப் பேச வைக்கக் கட்சிச் செயலாளர் ஏற்பாடு பண்ணிட்டாரு. நேத்து உங்கப்பா, மேடையிலயே எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. முப்பது வருஷம் முழுங்கினதை ஊர் முன்னாடி கக்கினா உங்க பாரம் இறங்கும், அவ கதி என்ன, முதல்ல அவ வீட்டுக்குப் போய் அவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கன்னு கத்திட்டேன்.

காலையில லிஸ்ட் படிச்சேன். கண்ணாடி, இருக்குன்னாரு. பேனா, இருக்குன்னாரு. செயலாளர் டைப் அடிச்சுக் கொடுத்த பேச்சுன்னேன், தொடவே இல்லை. நேரா அத்தை வீட்டுக்குப் போனாரு. மூணு மணி நேரமாச்சு. செயலாளர் நாலு தரம் போன் பண்ணிட்டாரு. கை சும்மா இருக்க மாட்டேங்குதேன்னு அந்தப் பேச்சுத் தாளோட பின்பக்கத்துலதான் இதை எழுதிக்கிட்டிருக்கேன்.

இரு, போன் அடிக்குது.

அத்தைதான். அழல, திட்டல. அண்ணி, உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்னு மட்டும் கேட்டா. பொய் சொல்ல வாய் வரலடி. கல்யாணமான வருஷத்துல இருந்துன்னேன். அப்ப அண்ணா எல்லாத்தையும் சொல்றப்ப நீங்களும் மேடைக்கு வாங்கன்னு சொல்லி வச்சுட்டா. அவருக்குப் புத்தி சொல்லத் தெரிஞ்சுதே, முப்பது வருஷமா அவ கையால டீ வாங்கிக் குடிச்ச என்னைப் பத்தி நான் நினைக்கவே இல்லை பாரு.

பத்திரிகைக்காரங்க அங்கே கூப்பிட்டா எடுக்காதே. அப்பா மேல கோபப்படாதே, படணும்னா என் மேல படு. மூணு பேரும் நோய் நொடியில்லாம இருங்க. சின்னவ காதை மறந்துடாதே.

கிளம்பறேன். எனக்கு லிஸ்ட் படிக்கத்தான் வீட்டுல ஆளில்லை.

உன் அம்மா